கர்ப்பப் பரிசோதனை அட்டை: காலாவதியும் சேமிப்பும்

கர்ப்பப் பரிசோதனை அட்டை என்பது, சிறுநீரில் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள உதவும், ஒருமுறை மட்டுமே பயன்படும் கருவி. மருந்துக் கடைகளில் ‘பிரெக்னன்சி கார்டு’ என்றோ, பிரெகா நியூஸ், ஐ-கேன் போன்ற வணிகப் பெயர் சொல்லியோ வாங்குகிறார்கள். ‘நிஷ்சய்’ என்ற பெயரில் அரசு இதை இலவசமாகவும் வழங்குகிறது. உறை பிரிக்காத அட்டையின் ஆயுள் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள். உறையில் குறித்த வெப்பநிலையில் வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

அமைப்பு

அலுமினியத் தாள் உறையைக் கிழித்தால் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை, ஒரு டிராப்பர், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஆகியவை இருக்கும். அட்டைக்குள் ஒரு நைட்ரோசெல்லுலோஸ் பட்டை. அதன் தொடக்கத்தில், நுண்ணிய தங்கத் துகள்கள் மேல் ஏற்றிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உலர்ந்து படிந்திருக்கும். சிறுநீர்த் துளி பட்டதும் அது கரைந்து பட்டை வழியே ஊர்ந்து செல்லும். எச்.சி.ஜி. இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு ‘டி’ என்ற இடத்தில் தங்கும். அங்கே கோடு தெரியும். ‘சி’ கோடு, ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழ வேண்டும். கோட்டில் கண்ணில் படும் சிவப்பு, தங்கத்தின் நிறம்தான்: மிக நுண்ணிய துகளாகும்போது தங்கம் சிவந்து தெரியும்.

காலாவதி

எதிர்ப்பொருள் ஒரு புரதம். நாளாக ஆக அதன் வடிவம் குலைந்து, ஹார்மோனைப் பற்றும் திறன் குறைகிறது. பழைய பட்டையில் நீரோட்டமும் சீராக இருப்பதில்லை. ஆகவே காலாவதியான அட்டையின் முடிவு எந்தப் பக்கமும் தவறலாம். கர்ப்பம் இருந்தும் ‘இல்லை’ என்று காட்டுவதே அதிகம் அஞ்ச வேண்டிய பிழை. பல அட்டைகள் ஒரு மில்லி லிட்டரில் 25 மில்லி சர்வதேச அலகு ஹார்மோனைக் கண்டறியும் வகையில் செய்யப்பட்டவை. நாள் தள்ளிப்போன முதல் சில தினங்களில் ஹார்மோன் குறைவாகவே இருக்கும் என்பதால், வலுவிழந்த அட்டை அப்போதுதான் எளிதில் ஏமாற்றும்.

‘சி’ கோடு விழுந்ததால் அட்டை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. திரவம் ஓடியது, நிறத்துகள் நகர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ‘டி’ கோட்டின் திறனுக்கு அது பொறுப்பேற்காது. ‘சி’ கோடே விழாவிட்டால் சோதனை செல்லாது.

உறையில் மணற்கடிகைச் சின்னத்தின் அருகே இருப்பது காலாவதித் தேதி. மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை எனக் கொள்வது வழக்கம். வெப்பமானிச் சின்னம் சேமிப்பு வெப்பநிலையைக் காட்டும். வட்டத்துக்குள் குறுக்கே கோடிட்ட ‘2’, மறுமுறை பயன்படுத்தக் கூடாது என்பதன் குறி.

சேமிப்பு: வந்தவாசி வட்டாரத்தில்

பெரும்பாலான அட்டைகளுக்குக் குறிக்கப்படும் வெப்பநிலை 2 முதல் 30 டிகிரி செல்சியஸ். திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசி, ஆரணி பகுதிகளில் கத்திரி வெயில் காலத்தில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. தகரக் கூரைக் கடையின் மேல்தட்டும், வெயிலில் நிறுத்திய இருசக்கர வண்டியின் பெட்டியும் அதைவிடச் சூடேறும். அங்கே ஒரு கோடையைக் கழித்த அட்டை, தேதி பாக்கி இருந்தாலும் நம்பத்தக்கதல்ல.

அடுத்த பகை ஈரம். மழையில் பாவு நனைந்துவிடும் என்று ஆரணி நெசவாளர்கள் தெருவில் பாவு போடுவதைத் தள்ளிவைக்கும் வடகிழக்குப் பருவமழை மாதங்கள், உறை பிரிந்த அட்டைக்கும் ஆகாதவை. குளியலறை அலமாரியும் அடுப்படியும் எந்த மாதத்திலும் ஆகாது. வீட்டின் உள்ளறையில், வெயில் படாத பீரோ தட்டு போதும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் உறைபனிப் பகுதியில் வைக்கக் கூடாது; வெளியே எடுத்ததும் உறையைக் கிழிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் பட்டையில் நீர் கோத்துவிடும்.

சோதிக்கும் நேரத்தில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். முடிவை உறையில் சொன்ன நேரத்தில், பொதுவாக 3 முதல் 5 நிமிடத்துக்குள், பார்த்துவிட வேண்டும். நெடுநேரம் கழித்துத் தெரியும் மங்கல் கோடு, சிறுநீர் காய்ந்த தடமாக இருக்கலாம்.

வரலாறு

அமெரிக்க வடிவமைப்பாளர் மார்கரெட் கிரேன் 1967-இல் வீட்டுச் சோதனைக் கருவியை உருவாக்கினார். ‘பிரெடிக்டர்’ என்ற பெயரில் அது 1971-இல் கனடாவில் விற்பனைக்கு வந்தது. சோதனைக் குழாயை இரண்டு மணி நேரம் ஆடாமல் வைத்திருக்க வேண்டிய கருவி அது. ஒரே வகை எதிர்ப்பொருளை அளவின்றி உற்பத்தி செய்யும் முறையை 1975-இல் அறிவியலாளர்கள் கோலரும் மில்ஸ்டீனும் கண்டறிந்தது, இன்றைய அட்டைக்கு வழிவகுத்தது.

பிழையின் விளைவு

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைக்கிறது. இதற்குக் கர்ப்பத்தை 12 வாரங்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள். பழைய அட்டை ‘இல்லை’ என்று சொல்லி இரண்டு மூன்று வாரம் கடந்தால், பதிவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளும் தள்ளிப்போகும். தேதியோ சேமிப்போ ஐயத்துக்குரியதானால் புதிய அட்டையில் மறுபடி பார்ப்பதும், நாள் தள்ளிக்கொண்டே போனால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுவதும் முறை. அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ இருந்தால், அட்டை என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.