சித்தேரி மலைச் சந்தனம்

தர்மபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கல்வராயன் மலையை ஒட்டி எழும் சித்தேரி மலையில் பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடுகளே உள்ளன. சந்தனத்துக்கு இத்தகைய காடே தோது. அண்டை மரங்களின் வேரோடு தன் வேரைப் பிணைத்து நீரும் சத்தும் உறிஞ்சி வளரும் பாதி ஒட்டுண்ணி அது. மணம் நடுவிலுள்ள வைரத்தில்தான். சுற்றியுள்ள வெண்மரத்துக்கு வாசமில்லை. நல்ல வைரம் பாய முப்பது ஆண்டுகளாவது ஆகும். வேரிலும் எண்ணெய் உண்டு என்பதால் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை, வேரோடு தோண்டி எடுப்பார்கள்.

இவ்வளவு விலையுள்ள மரத்தை அரசுகள் சும்மா விட்டதில்லை. 1792இல் மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கே உரிய மரமாக்கினார். அதே ஆண்டு, இன்றைய தர்மபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி அவர் கையைவிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. 1882இன் சென்னை வனச் சட்டம் காடுகளை வனத்துறையின் பிடிக்குள் கொண்டுவந்தது. பிற்காலத்தில் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தைக்கூட உடையவர் தம் விருப்பப்படி வெட்டி விற்க முடியாது என்றானது.

சேலம், திருப்பத்தூர், சத்தியமங்கலம் கிடங்குகளில் வெண்மரத்தைச் செதுக்கி நீக்கி, கட்டை, வேர், சில்லு, தூள் எனத் தரம் பிரித்து ஏலம் விட்டார்கள். முதல்தரக் கட்டைக்கு ‘விலாயத் புத்’, அடுத்ததற்கு ‘சைனா புத்’ என்று பெயர். விலாயத் என்றால் சீமை; சரக்கு எங்கே போனது என்பதற்கு அந்தப் பெயர்களே போதும். சித்தேரி மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவித்துவந்த மலையாளிப் பழங்குடியினருக்கு இந்தப் பணத்தில் பங்கில்லை. சந்தனம் களவு போனால் சந்தேகம் மட்டும் முதலில் அவர்கள் வாசலுக்கு வந்தது.

அந்தச் சந்தேகத்தின் கொடிய விளைவை மலையடிவாரத்து வாச்சாத்தி கண்டது. சந்தனம் பதுக்கியதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கை முன்னெடுத்தன. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதே தேதியில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே அதிகாரிகள் அந்தச் சோதனையை நடத்தினர் என்று கண்ட நீதிமன்றம், பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.