போதகரும் அம்மை குத்துதலும்

நோயுற்ற காலத்தில் இறைவனையே நம்பியிருப்பதா, மருத்துவரை நாடுவதா என்னும் வினா கிறிஸ்தவர் பலரை வருத்தியதுண்டு. அவ்வினா ஒரு நகரையே இரு கூறாக்கிய வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

1721-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திற்கு வந்த கப்பலொன்றோடு பெரியம்மையும் வந்திறங்கியது. அந்நகரில் பியூரிட்டன் சபைப் போதகராக விளங்கியவர் காட்டன் மேதர். அவரிடம் அடிமையாயிருந்த ஒநேசிமு என்னும் ஆப்பிரிக்கர், தம் நாட்டு வழக்கம் ஒன்றை முன்பே அவருக்குக் கூறியிருந்தார். அம்மைக் கொப்புளத்தின் சீழைச் சிறிது எடுத்து, நலமுள்ளோரின் தோலைக் கீறி அதில் இடுவர். இலேசாக அம்மை கண்டு நீங்கும். பின்னர் அந்நோய் அணுகாது. துருக்கியிலிருந்து வந்த மருத்துவர் குறிப்புகளும் இதனை உறுதிப்படுத்தின.

மேதர் நகர மருத்துவர்களை வேண்டினார். இசைந்தவர் பாய்ல்ஸ்டன் ஒருவரே. அவர் ஜூன் 26-ஆம் நாள் தம் ஆறு வயது மகனுக்கும் அடிமைகள் இருவருக்கும் அம்மை குத்தினார். நகரம் கொதித்தெழுந்தது. நோய் இறைவன் விடுப்பது. நலமுள்ள உடலில் அதனைப் புகுத்துவது அவன் சித்தத்தை மீறுவதாகும். குத்தப்பட்டவர் இறப்பின் அது கொலைப்பாவம் என்றனர் எதிர்ப்போர். கொலை செய்யாதே என்னும் கட்டளை உயிரைக் காக்கவும் பணிக்கின்றது. மருந்தும் இறைவன் ஈந்ததே என்றனர் போதகர்கள். இரு சாராரும் ஓதியது ஒரே வேதம்!

பிறர்க்கு உரைத்தவர்க்கே சோதனை வந்தது. 1713-இல் மணல்வாரி அம்மைக்கு மனைவியையும் மக்கள் மூவரையும் பறிகொடுத்தவர் மேதர். அவர் மகன் சாமுவேல் கல்லூரி மாணவன். அறைத்தோழன் பெரியம்மையால் இறக்கவே, தனக்கும் குத்துமாறு வேண்டினான். குத்தி இறந்தால் ஊர் பழிக்கும். குத்தாமல் இறந்தால் மனச்சான்று பழிக்கும். தந்தை கலங்கினார், முடிவில் இசைந்தார். ஆகஸ்டு மாதம் மறைவாகக் குத்தப்பெற்ற மகன், கடுங்காய்ச்சலுற்றுப் பின் பிழைத்தான். நவம்பரில் மேதர் வீட்டினுள் எவரோ வெடிகுண்டு எறிந்தனர். நல்லூழாக அது வெடிக்கவில்லை.

கொள்ளைநோய் தணிந்தபின் கணக்கிட்டனர். நோயுற்றோர் 5,889 பேர். மாண்டோர் 844 பேர். எழுவரில் ஒருவர் எனலாம். பாய்ல்ஸ்டன் குத்திய ஏறத்தாழ 240 பேரில் இறந்தோர் அறுவர்.

எனினும் அம்மை குத்துதல் அச்சமற்றதன்று. புகழ்பெற்ற இறைநூலறிஞர் ஜோனாதன் எட்வர்ட்ஸ் 1758-இல் அதனை ஏற்று, அதனாலேயே உயிர் நீத்தார். உறுதியான பயனை எவரும் அவர்க்கு அளித்திலர். மேதரும் அத்தகைய உறுதியின்றியே மகனின் கையை நீட்டச் செய்தார். அறிந்தவரை ஆராய்ந்து, நலமெனப்பட்டதைச் செய்து, முடிவை இறைவனிடம் ஒப்புவித்தார். நம்பிக்கையுடையார்க்கு மருந்து பகையன்று என்பதை, அச்சத்தோடு நின்ற அத்தந்தையின் செயலே நமக்கு உணர்த்துகின்றது.