ஆணிப் பலகை யார் கையில்? பெக்லின் விளையாட்டும் வில்லியனூர், பாகூர் பகுதி ஆட்டமுறைகளும்

பெக்லின், கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள ரெட் நெக்சஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய கணினி விளையாட்டு. 2022 ஏப்ரலில் முன்வெளியீடாகவும் 2024இல் முழு வடிவிலும் வந்தது. திரையின் மேற்புறம் பச்சை நிறக் குட்டிப்பூதம் ஒன்று பகைவர்களை எதிர்கொண்டு நிற்கும். கீழே முளைகள் பதித்த பலகை. ஆடுபவர் குறிபார்த்து விடும் குண்டு முளைகளில் மோதித் துள்ளி இறங்கும். எத்தனை முளைகளில் பட்டதோ அதற்கேற்ற அடி பகைவருக்கு விழும். சில முளைகள் அடியின் வலிமையைக் கூட்டும், சில தீர்ந்துபோன முளைகளை மீண்டும் முளைக்கச் செய்யும், சில வெடிக்கும். சண்டை முடிந்ததும் புதுக் குண்டைப் பையில் சேர்ப்பதா, இருப்பதை வலுப்படுத்துவதா என்று தீர்மானிக்க வேண்டும். உயிர் போனால் மறுபடி முதலிலிருந்து.

இதில் இரண்டு மரபுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் பாகத்தேல் மேசையாட்டத்தில் தொடங்கி, ஜப்பானில் சிறுவர் விளையாட்டாகிப் பின்பு பெரியவர்களின் பச்சின்கோவாக வளர்ந்த ஆணிப் பலகை மரபு. 1948இல் நகோயாவைச் சேர்ந்த மசாமுரா தகேஇச்சி ஆணிகளை அடுக்கிய முறைதான் பச்சின்கோவின் இன்றைய முகத்துக்கு அடித்தளம். மற்றது, 1980இல் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விக்மன் ஆகியோர் எழுதத் தொடங்கிய 'ரோக்' வழிவந்த மரபு: ஒவ்வொரு முறையும் புதிய நிலவறை, ஒரே உயிர். இவ்வகை 'ரோக்லைக்' என்றே அறியப்படுகிறது.

கலப்பு என்று மட்டும் சொன்னால் முக்கியமான மாற்றம் விடுபட்டுவிடும். பச்சின்கோவில் பலகை கடைக்காரருடையது. 11 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள் ஓடும் இடைவெளிகளை, இரவில் சுத்தியலால் ஆணிகளை மெல்லத் தட்டித் திருத்தும் ஆள் கடையில் இருப்பது நெடுங்கால வழக்கம். ஒரு மயிரிழைச் சாய்வு அடுத்த நாள் வருமானத்தையே மாற்றிவிடும். நிலையான பலகை என்ன செய்யும் என்பதற்கு, ஆணிவரிசைகளில் மோதி இறங்கும் குண்டுகள் கீழே குழிகளில் விழும் கால்ட்டன் பலகையே சான்று. பத்து ஆணிவரிசை கொண்ட பலகையில் குண்டு இறங்கும் 1,024 வழிகளில் 252 நடுக்குழிக்குப் போகின்றன, ஓரக்குழி ஒவ்வொன்றுக்கும் ஒன்றே ஒன்று. அந்தக் கணக்கு முழுவதும் பலகை அமைத்தவர் கைக்குள் அடங்கும். பெக்லினிலோ குண்டின் ஓட்டத்தை ஆடுபவர் ஓரளவே ஆளமுடியும் என்றாலும், எந்தக் குண்டு, வழியில் கிடைக்கும் எந்த அரும்பொருள், எந்தப் பாதை என்ற தேர்வுகளின் வழியே எது நடந்தால் தமக்கு ஆதாயம் என்பதை அவரே வகுத்துக்கொள்கிறார். தற்செயல் குறையவில்லை, அதை அமைக்கும் உரிமை கைமாறியிருக்கிறது.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பழக்கமான ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். தேர்த் திருவிழாக் காலத்தில் போடப்படும் வளையம் வீசும் கடை பச்சின்கோவுக்கு நெருங்கிய உறவு: வளையத்தின் அளவும் பொருள்களின் இடைவெளியும் கடைக்காரர் வைத்ததுதான். கோலி வேறு. பேந்தா என்னும் கோலியாட்டத்தில் குறி தவறுவது பகடையின் விளையாட்டன்று. விரலின் சிறு பிசகு ஐந்தடி தள்ளிப் பெரிதாகிவிடுகிறது. பெக்லின் குண்டு முளைக்கு முளை திசைமாறுவதும் இதே விதிப்படிதான். கெலித்த கோலிகள் பைக்குள் போய் அடுத்த ஆட்டத்தின் முதலாகும்போது, பை நிரம்ப நிரம்ப ஆட்டமே மாறுகிறது. அதுபோன்ற பை ஒன்று பெக்லினிலும் உண்டு. ஆனால் உயிர் போய் ஆட்டம் முடிந்தால் அந்தப் பை காலி; கோலிப் பை நாளைக்கும் இருக்கும்.

தோல்வியின் இயல்பைப் பொறுத்தவரை ஒப்பிடத்தக்கவை தாயமும் பரமபதமும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில் பாம்பு வாய்ப்பட்டவர் கீழே வருகிறார். அவர் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. தாயம் அப்படியன்று. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயத்துக்காகக் காத்திருக்கும். எதிரியை ஒருமுறையேனும் வெட்டாதவரின் காய் உள்கட்டத்துக்குப் போகமுடியாது என்ற விதியும் பல ஊர்களில் உண்டு. விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்பது ஆடுபவர் முடிவு. ரோக்லைக்குக்கு மேற்கத்திய முன்னோடிகளை மட்டுமே தேடுவோர், திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த தாயக்கட்டத்தில் இருக்கும் இந்தத் திரும்பத் தொடங்கும் கட்டமைப்பைக் கவனிப்பதில்லை. வரலாற்றுத் தொடர்பு இருந்ததென்று சொல்ல இடமில்லை. அமைப்பில் உள்ள ஒற்றுமை போதுமானது.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. முன்வைக்கப்படும் குண்டுகளையும் அரும்பொருள்களையும் தீர்மானிப்பது நிரலாளர்தானே, ஆடுபவர் பெற்றதாகச் சொல்லும் உரிமை வெறும் தோற்றம் என்பது அது. மறுப்பில் பாதி உண்மை. ஆனாலும் நிரலாளர் பெக்லினை விற்கும்போதே தம் வருமானத்தைப் பெற்றுவிடுகிறார். அதன்பின் ஆடுபவர் தோற்பதால் அவருக்கு லாபம் ஏதுமில்லை. ஆணி தட்டுபவருக்கு அது உண்டு.

இந்தியச் சட்டமும் இந்த வேறுபாட்டை நோக்கியே நகர்ந்திருக்கிறது. 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தில் திறனே மேலோங்குகிறது என்று கண்டு, அதைச் சூதாட்டத்திலிருந்து பிரித்தது. திறனா தற்செயலா என்பதே அங்கே அளவுகோல். 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் அந்த அளவுகோலை ஒதுக்கிவிட்டு, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை செய்கிறது. பெக்லின் போன்றவை இதில் சிக்குவதில்லை. முளைகளும் குண்டுகளும் அப்படியே இருக்க, ஒவ்வொரு குண்டுக்கும் காசு கட்டி வென்றால் காசு பெறும் வகையில் அதை மாற்றினால், பலகை மீண்டும் கடைக்காரர் கைக்குப் போய்விடும். சட்டத்தின் தடையும் அப்போது பொருந்தும்.