சிறு குண்டின் நீண்ட வரலாறு

2011இல் வெளிவந்த ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதைவிட இலேசான, 3.1 கிராம் எடையே உள்ள ஒரு குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 1,250 மீட்டர் வேகத்தில் செலுத்தும் தோட்டா ஒன்று 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒலியின் வேகத்தைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலானது இந்த வேகம். வின்செஸ்டர் நிறுவனத்தின் ‘.220 ஸ்விப்ட்’ என்பது அதன் பெயர். இதைப் போருக்காகச் செய்யவில்லை. கரடி, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளுக்காகவும் செய்யவில்லை. பயிரைத் தின்று, வயலில் வளை தோண்டும் வுட்சக், பிரெய்ரி நாய் போன்ற சிறு பிராணிகளைச் சுடுவதற்காகச் செய்தார்கள். (பிரெய்ரி நாய் பெயரில்தான் நாய்; இனத்தால் அது அணில்.)

நான்கைந்து கிலோ எடைகூடத் தேறாத பிராணிக்கு இத்தனை வேகம் எதற்கு? இதற்கு விடை காண, நாம் சுமார் இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ராபின்சின் ஊசல்

குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தகுந்த முறையில் அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். போரை வெறுக்கும் குவேக்கர் சமயக் குடும்பத்தில் 1707இல் பிறந்தவர் அவர். 1742இல் வெளியிட்ட ‘பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்’ என்ற நூலில் ஓர் எளிய கருவியை விவரித்தார். கனமான மரக்கட்டையை ஊசல் போலத் தொங்கவிட்டு, அதன் மீது சுட வேண்டும். குண்டு கட்டையில் பதியும். கட்டை பின்னோக்கி ஆடும். ஆட்டத்தின் அளவிலிருந்து, உந்த அழிவின்மை விதியைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். இன்றும் நம் கல்லூரி மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டு 40 கிராம். அதன் வேகம் வினாடிக்கு 500 மீட்டர். கட்டை 25 கிலோகிராம் என்று கொள்வோம். குண்டு பதிந்த பின் இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கும். கட்டை சுமார் 3 சென்டிமீட்டர் உயரம் எழும்பும்.

இப்போது ஆற்றலைக் கவனியுங்கள். மோதலுக்கு முன் குண்டின் இயக்க ஆற்றல் 5,000 ஜூல். மோதலுக்குப் பின் ஊசலின் இயக்க ஆற்றலோ வெறும் 8 ஜூல்! மீதி 4,992 ஜூல் எங்கே போயிற்று? மரத்தைக் கிழிப்பதிலும், ஈயத்தை நசுக்குவதிலும், வெப்பமாகவும் செலவாகிவிட்டது. குண்டு எவ்வளவு ஆற்றலைச் சுமந்து செல்கிறது என்பது பாதிக் கதைதான். அந்த ஆற்றல் எங்கே, எப்படிச் செலவாகிறது என்பதே மறுபாதி. குண்டின் வரலாறு முழுவதும் இந்த மறுபாதியைப் பற்றியதே எனலாம்.

காற்றின் தடையையும் ராபின்ஸ் அளந்தார். வேகமாகப் பறக்கும் உருண்டைக் குண்டின் மீது காற்றின் தடை, அக்குண்டின் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேல் இருக்கக் கண்டார். காற்றின் தடை அற்பமானது என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். மாபெரும் கணிதமேதை ஆய்லர் இந்நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, விரிவான விளக்கங்களும் எழுதினார். ராபின்சின் வாழ்வு முடிந்தது நம் தமிழ்நாட்டில்தான் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க 1750இல் சென்னைக்கு வந்த அவர், அடுத்த ஆண்டே கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் காலமானார்.

சுழலும் குண்டு

உருண்டைக் குண்டுக்கு இரண்டு குறைகள். காற்று அதன் வேகத்தை விரைவில் குறைத்துவிடும். குழலை விட்டு வெளிவரும்போது ஏற்படும் தாறுமாறான சுழற்சியால் வழி விலகும். நீண்டு கூரிய குண்டானால் காற்றை எளிதில் கிழித்துச் செல்லும். ஆனால் அது தலைகுப்புறப் புரளாமல் இருக்க வேண்டுமே? பம்பரம் சுழலும்வரைதான் நிமிர்ந்து நிற்கிறது. குண்டுக்கும் அதே விதிதான். குழலின் உட்புறத்தில் திருகுபோல் வெட்டிய பள்ளங்கள் குண்டைப் பிடித்துச் சுழற்றி அனுப்புகின்றன. இந்தப் பள்ளங்களுக்குப் புரி என்று பெயர் கொடுப்போம்; புரியுள்ள துப்பாக்கியே ரைபிள்.

ஐரோப்பியக் கைவினைஞர்கள் புரியை ராபின்சுக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். ஆனால் புரியைக் கவ்வும்படி இறுக்கமான குண்டைக் குழல் வாயிலிருந்து அடித்து இறக்க வேண்டியிருந்ததால் சுடுவதற்கு நேரம் பிடித்தது. 1849இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே இதற்கு வழி கண்டார். அடிப்பகுதி குடையப்பட்ட அவருடைய ஈயக் குண்டு குழலுக்குள் தளர்வாக இறங்கும். வெடிமருந்து எரியும்போது வாயுவின் அழுத்தத்தால் அடிப்பகுதி விரிந்து புரியைக் கவ்வும்.

எவ்வளவு சுழற்சி வேண்டும்? இங்கிலாந்தின் வுல்விச்சில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879இல் ஈயக் குண்டுகளுக்கு ஓர் எளிய விதி தந்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கோ, அந்த எண்ணால் 150ஐ வகுக்க வேண்டும். புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றக் குழலில் எவ்வளவு நீளம் வேண்டும் என்பது விட்டத்தின் மடங்காகக் கிடைக்கும். விட்டம் 5.7 மில்லிமீட்டர், நீளம் அதைப் போல் மூன்று மடங்கு என்றால், 50 விட்டங்களுக்கு, அதாவது 285 மில்லிமீட்டருக்கு, ஒரு சுற்று. குண்டு நீள நீளப் புரி நெருக்கமாக இருக்க வேண்டும். இந்த விதியைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

டம்டம்மும் ஹேக்கும்

1884இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேய் புகையற்ற வெடிமருந்தைச் செய்தார். குண்டின் வேகம் திடீரென்று உயர்ந்தது. மென்மையான ஈயம் அந்த வேகத்தில் புரியைக் கவ்வ முடியாமல் வழுக்கியது. எனவே ஈயத்தின் மேல் செம்பு போன்ற கடினமான உலோக உறை போட்டார்கள். சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1882 அளவிலேயே இத்தகைய குண்டைச் செய்து காட்டியிருந்தார்.

முழு உறை போட்ட குண்டு நேராகப் பாய்ந்தது. ஆனால் பல சமயம் உடலைச் சிறு துளையிட்டு மறுபுறம் வெளியேறியது. சுமந்து வந்த ஆற்றலில் பெரும்பகுதியைத் தன்னுடனேயே கொண்டு போயிற்று. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1895இல் நடந்த சித்ரால் போரில், தங்கள் .303 குண்டு எதிரியைத் தடுத்து நிறுத்தவில்லை என்று ஆங்கிலேயப் படையினர் குறை கூறினர். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் காப்டன் பெர்ட்டி-கிளே, நுனியில் உறையை நீக்கி ஈயம் வெளியே தெரியும்படி குண்டு செய்தார். அது உடலில் பட்டதும் காளான்போல் விரிந்து, கொடிய காயத்தை உண்டாக்கியது. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்யும் பிரகடனத்தை ஏற்றது. முதலில் மறுத்த பிரிட்டன் 1907இல் அதில் இணைந்தது.

போரில் கொடுமை என்று விலக்கப்பட்ட அதே விரியும் குண்டை, வேட்டையில் கருணை என்று கொண்டனர். இதில் முரண்பாடு இல்லை. போரில் காயமுற்றவன் சிகிச்சை பெற்றுப் பிழைக்கலாம்; அவன் சாக வேண்டும் என்பதன்று நோக்கம். துளையுண்ட விலங்கோ வளைக்குள் ஓடி ஒளிந்து, பல மணி நேரம், சில சமயம் பல நாள் துடித்துச் சாகும். கொல்லத்தான் வேண்டும் என்றால் நொடியில் கொல்வதே குறைந்த கொடுமை.

வயலுக்கு வந்த குண்டு

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1887இல் தோன்றிய .22 லாங் ரைபிள் தோட்டா, 2.6 கிராம் ஈயக் குண்டை வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் செலுத்தும். ஆற்றல் 160 ஜூல். உணவுக்காக முயலையும் அணிலையும் சுடுபவர்க்கு அருகிலிருந்து சுட இது போதும், இறைச்சியும் கெடாது. ஆனால் இருநூறு மீட்டர் தொலைவில் எச்சரிக்கையுடன் நிற்கும் வுட்சக்குக்கு இது உதவாது. அதோடு, மெதுவாகச் செல்லும் ஈயக் குண்டு கல்லிலோ கெட்டித் தரையிலோ பட்டால் சிதறாமல் துள்ளித் திரும்பும். பக்கத்தில் பண்ணை வீடும் மாட்டுத் தொழுவமும் இருந்தால் என்ன ஆகும்?

1930இல் ‘.22 ஹார்னெட்’ தோட்டாவும், பின்னர் ஸ்விப்ட்டும் வந்தன. ஸ்விப்ட் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 2,400 ஜூல். ஏறக்குறைய நாலரை மடங்கு எடையுள்ள பழைய .303 போர்க் குண்டின் ஆற்றலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்! எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டியதால் இது நிகழ்ந்தது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததல்லவா? உறை மெல்லியதாக இருந்தால் இத்தகைய குண்டு பட்டவுடன் பொடியாகும். முழு ஆற்றலும் அந்தச் சிறு உடலுக்குள்ளேயே செலவாகும். தவறித் தரையில் பட்டாலும் பெரும்பாலும் அங்கேயே சிதறிவிடும். விலங்கின் துன்பம் குறைகிறது. அக்கம்பக்கத்தாரின் ஆபத்தும் குறைகிறது.

உறை எவ்வளவு மெல்லியதாக இருக்கலாம்? அதற்கும் எல்லை உண்டு. 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரியில் ஸ்விப்ட் குண்டு வினாடிக்கு 3,500 முறைக்கு மேல் சுழல்கிறது. அதன் மேற்பரப்பில் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஒரு லட்சம் மடங்கைத் தாண்டும். உறை அளவுக்கு மீறி மெலிந்தால் குண்டு இலக்கை அடையுமுன் காற்றிலேயே பிய்ந்து போகும். தடித்தாலோ, சிறு பிராணியின் உடலில் விரியாமல் ஊடுருவிச் சென்றுவிடும். மான் போன்ற பெரிய விலங்குக்கான குண்டு சிறு பிராணிக்குப் பொருந்தாததும், சிறு பிராணிக்கான குண்டு பெரிய விலங்கின் மேற்சதையிலேயே சிதறிவிடுவதும் இதனால்தான். சரியான குண்டு என்பது ஒரு விலங்குக்கும் ஒரு வேக எல்லைக்கும் மட்டுமே சரியானது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உறைக்கான செம்பு கிடைக்கவில்லை. 1943இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரெட் ஹண்டிங்டன், சுட்டெறிந்த .22 தோட்டாக்களின் காலிக் கூடுகளையே உறையாக மாற்றும் அச்சுகளைச் செய்தார். ‘ராக் சக்’ என்பது அங்குள்ள மலைப்பாறை அணில் இனம் ஒன்றின் பெயர். அதைச் சுடும் குண்டுக்கான அச்சு என்ற பொருளில் தோன்றிய ஆர்.சி.பி.எஸ். என்ற எழுத்துகள் பின்னர் ஒரு நிறுவனத்தின் பெயராயின.

சிதறிய ஈயம்

பொடியாகும் குண்டு எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டது என்றுதான் தோன்றியது. ஆனால் ஆற்றல் எங்கே போயிற்று என்று கேட்டவர்கள், ஈயம் எங்கே போயிற்று என்று கேட்க மறந்தார்கள். பீடைகள் என்று சுடப்பட்ட பிராணிகளை யாரும் எடுத்துச் செல்வதில்லை, வயலிலேயே விட்டுவிடுவார்கள். நுண்ணிய ஈயத் துகள் நிறைந்த அந்த உடல்களைப் பிணந்தின்னிப் பறவைகள் உண்டன. ஈயம் நரம்புகளைத் தாக்கும் நஞ்சு.

கலிபோர்னியக் காண்டோர் என்னும் மாபெரும் கழுகினம் 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கியது. 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துப் பாதுகாத்து இனப்பெருக்கம் செய்ய நேர்ந்தது. மீண்டும் காட்டில் விடப்பட்ட பறவைகளின் சாவுக்கு ஈய நஞ்சே முதன்மையான காரணமாயிற்று. 2008 முதல் காண்டோர் வாழும் பகுதிகளில் பெரிய விலங்கு வேட்டைக்கு ஈயக் குண்டுகள் தடை செய்யப்பட்டன. 2013இல் இயற்றிய சட்டத்தின்படி, 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து கலிபோர்னியா முழுவதும் வனவிலங்குகளைச் சுட ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது செம்புக் குண்டின் காலம். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. அதே விட்டத்தில் அதே எடை வேண்டுமானால், செம்புக் குண்டு கால் பங்குக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் புரி நெருங்க வேண்டும் என்ற கிரீன்ஹில் விதி இங்கே குறுக்கிடுகிறது. பழைய துப்பாக்கிகள் பல இத்தகைய நீண்ட குண்டை நிலையாகச் சுழற்றுவதில்லை. அவற்றை வைத்திருப்போர் எடை குறைந்த, குட்டையான செம்புக் குண்டைத் தேர வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடுமையான தடை விதித்துள்ளதால், இந்தத் தேர்வு நம்மில் பலருக்கு நேராது. ஆயினும் ராபின்ஸ் தொங்கவிட்ட மரக்கட்டை காட்டும் பாடம் நமக்கும் உரியது. இலக்கில் பட்டதோடு ஒரு குண்டின் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் ஆற்றலும் அதன் ஈயமும் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று கேட்டறிந்த பிறகே, அது நல்ல குண்டா என்று சொல்ல முடியும்.