கடைக்கு எழுதப்படாத வாடகை: யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுக்கடைகள் மூடப்படும்போது சட்டம் என்ன சொல்கிறது?

யாழ்ப்பாண நகரில் ஒரு சாப்பாட்டுக்கடை மூடப்பட்டால், ‘வியாபாரம் இல்லைப்போல’ என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். ஆனால் மத்தியானத்தில் இருக்க இடமில்லாத கடைகளும் மூடப்படுகின்றன. உரிமையாளர் வாடகையை இரண்டு மடங்காகக் கேட்டிருப்பார். கட்டடம் விற்கப்பட்டிருக்கும். அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த சகோதரர் ஒருவர் ‘மாத முடிவோடு கடையை விடுங்கோ’ என்று சொல்லியிருப்பார். இத்தகைய பிணக்குகளில் வாடகைக்கு இருப்பவருக்கும் உரிமையாளருக்கும் என்ன உரிமை உண்டு என்பதைச் சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறது இக்கட்டுரை.

மாறிய நகரம்

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமமே வெறுமையானது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாட்டில் கடை நடத்துவதே பெரும்பாடாக இருந்தது. அந்தக் காலத்தில் கட்டடத்தைப் பூட்டி வைப்பதைவிட, தெரிந்த ஒருவரிடம் சிறு வாடகைக்குக் கொடுத்துப் பாதுகாப்பதையே பல உரிமையாளர்கள் விரும்பினர். கூரை போட்டு, சுவர் பூசி, குசினி கட்டியதெல்லாம் பெரும்பாலும் வாடகைக்கு வந்தவர்தான்.

2009இன் பின்னர் நிலைமை மாறியது. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் பெரிய வணிகத் தொகுதி திறக்கப்பட்டது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. வங்கிகளும் கொழும்பு நிறுவனங்களும் வீதியோரக் கட்டடங்களைத் தேடி வந்தன. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூட்டப்பட்டது. எரிவாயு வரிசைகளைத் தாண்டி நின்ற சாப்பாட்டுக்கடைக்கு இப்போது வாடகையும் சேர்ந்து அழுத்துகிறது.

உடுப்புக்கடையைப் போலச் சாப்பாட்டுக்கடையை இலகுவாக இடம் மாற்ற முடியாது. குசினி, புகைபோக்கி, கழிவுநீர் வசதி எல்லாம் கட்டடத்தோடு ஒட்டியவை. உள்ளூராட்சி சபையின் வியாபார உரிமமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பரிசோதனையும் புதிய இடத்துக்கு மீண்டும் தேவைப்படும். நகையை அடகு வைத்துக் கடை தொடங்கியவருக்கு இது இரண்டாவது இடப்பெயர்வு போன்றது.

வாய்ப்பேச்சின் பெறுமதி

‘ஐந்து வருடத்துக்குத் தாறன்’ என்று வாயால் சொன்னதும், இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட்டதும் சட்டத்தின் முன் ஐந்து வருடக் குத்தகை ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாமல் மாதாமாதம் வாடகை கொடுத்து இருப்பவர் பொதுவாக மாத வாடகைக்காரர் என்றே கருதப்படுவார். அவருக்கு ஒரு முழு மாத முன்னறிவித்தல் கொடுத்து வாடகையை முடிக்க உரிமையாளர் முயலலாம்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்கு வலுவான பாதுகாப்பைத் தருகிறது. அது பொருந்தும் கட்டடத்திலிருந்து, வாடகை நிலுவை, அனுமதியின்றி உபவாடகைக்கு விடுதல், உரிமையாளரின் நியாயமான தேவை போன்ற குறித்த காரணங்கள் இல்லாமல் ஒருவரை வெளியேற்ற முடியாது. ஆனால் ஆண்டுப் பெறுமதி காரணமாகவும், பிற்காலத் திருத்தங்கள் காரணமாகவும் பல வியாபாரக் கட்டடங்கள் இச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. உங்கள் கடைக்கு அது பொருந்துமா என்பதை அறிய, சபையின் ஆதனவரிப் பதிவின் பிரதியோடு சட்டத்தரணியைச் சந்திப்பதே முதல் வேலை.

கட்டடம் விற்கப்பட்டால்

‘நான் புது உரிமையாளர், உங்களோடு எனக்கு ஒப்பந்தம் இல்லை’ என்ற பேச்சைக் கேட்டுப் பலர் பயந்து கடையை விட்டுவிடுகிறார்கள். இலங்கையில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தில், வாடகை விற்பனையை முந்தும் என்ற விதி உண்டு. பொதுவாக, வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறாரே தவிர, விற்பனையால் மட்டும் வாடகை முடிந்துவிடாது. ஆனால் நொத்தாரிசு எழுதிய நீண்டகாலக் குத்தகையைக் காணிப் பதிவகத்தில் பதியாமல் விட்டால், பின்னர் பணம் கொடுத்து வாங்கித் தன் உறுதியை முதலில் பதிந்தவருக்கு எதிராக அது நிற்காமல் போகக்கூடும். பதிவுக்குப் போகும் சிறு செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வாடகை யாருக்கு?

ஒருவர் கனடாவில், ஒருவர் லண்டனில், ஒருவர் ஊரில் என்று கட்டடம் பிள்ளைகளுக்குப் பொதுவாக இருப்பது இங்கே வழமை. ஊரிலுள்ளவர் வாடகையை வாங்குவார். மற்றவர் ஒருநாள் வந்து ‘எனக்குத் தெரியாது’ என்பார். ஆகவே கையெழுத்திடுபவரிடம் மற்றப் பங்காளிகளின் அற்றோணித் தத்துவம் உள்ளதா, அது இரத்துச் செய்யப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சொத்து, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணின் பெயரில் இருந்தால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவைப்படும். இந்த ஏற்பாடு பெண்களுக்குப் பாரபட்சமானது என்ற விமர்சனம் நீண்டகாலமாக உண்டு. எனினும் அது இன்னும் சட்டமே.

வாடகையை வாங்க மறுத்து, பின்னர் ‘நிலுவை’ என்று வழக்குப் போடுவதும் நடக்கிறது. வாடகைச் சட்டம் பொருந்தும் கட்டடமானால், உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரமளிக்கப்பட்டவரிடம் வாடகையைச் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறலாம்.

கதவைப் பூட்டினால்

நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பூட்டை மாற்றவோ, பொருட்களை வெளியே போடவோ உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. அப்படி நடந்தால் உடனே பொலிஸில் முறையிடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ், சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கைப் பொலிஸாரோ பாதிக்கப்பட்டவரோ நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். தகவல் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் உள்ளே விட நீதிமன்றம் கட்டளையிடலாம். ‘பேசித் தீர்ப்பம்’ என்று இழுபட்டு இந்த இரண்டு மாதத்தைத் தவறவிடுவதே பெரிய இழப்பு.

உரிமையாளரின் பக்கம்

உரிமையாளர் எல்லோரும் பணக்காரர் அல்லர். இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்தபோது தன் கடையில் வேறொருவர் இருப்பதைக் கண்டவர்களும், அந்த வாடகையை நம்பியே வாழும் முதியவர்களும் உள்ளனர். பத்து வருடம் இருந்தால் கட்டடம் சொந்தமாகிவிடும் என்ற எண்ணம் வாடகைக்காரரைப் பொறுத்தவரை தவறு; வாடகைக்கு வந்தவரின் இருப்பு உரிமையாளருக்கு எதிரான ஆட்சி அல்ல. போரினால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஆட்சியுரிமைக் கணக்கில் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் தொடர்பாகச் சிறப்பு ஏற்பாடு செய்தது. குத்தகை முடிந்தும் விடாதவரிடமிருந்து கட்டடத்தை விரைவாக மீட்கவென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் வந்துள்ளது. அதனால் தவணை முடிந்தபின் பேசலாம் என்று வாடகைக்காரர் காத்திருப்பது முன்னரைவிட ஆபத்தானது.

கையெழுத்திடும் முன்

குத்தகையில் இவை எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை வருடம், வாடகை எப்போது, எத்தனை வீதம் கூடும், முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும், குசினிக்கும் கூரைக்கும் போட்ட செலவுக்கு வெளியேறும்போது என்ன ஈடு, புதுப்பிக்க எத்தனை மாதம் முன்பு பேச வேண்டும். ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், அல்லது வங்கி மூலம் செலுத்துங்கள்.

ஏற்கெனவே எழுத்தில்லாமல் கடை நடத்துபவர்கள், உறவு நல்லபடியாக இருக்கும்போதே உரிமையாளரோடு இதைப் பேசுவது நல்லது. ‘எங்கட ஆக்களுக்குள்ள எழுத்து எதுக்கு’ என்று கேட்டால், உங்களுக்கும் எனக்கும் பிறகு வரும் பிள்ளைகள் சண்டை பிடிக்காமல் இருக்கத்தான் என்று சொல்லுங்கள். சட்டத்தரணிக்குச் செலவழிக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம்.