கூக்குரலுக்கு முன்பே: யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் பிராணியை உடையவனின் பொறுப்பு

நாயை வளர்ப்பவன் அதைப் பொதுவீதியில் அடக்கி நடத்தக் கடமைப்பட்டவன் என்னும் விதி 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தோடு இந்நாட்டிற்கு வந்தது என்றும், அதற்கு முற்பட்ட தர்மசாஸ்திர மரபு பயிரை மேய்ந்த மாட்டிற்காக அதன் சொந்தக்காரனைத் தண்டித்ததேயன்றி, மனிதனைக் கடித்த அல்லது முட்டிய பிராணிக்காக உடையவனைப் பொறுப்பாளியாக்கும் தனிக் கொள்கை எதையும் வகுத்ததில்லை என்றும் கூறும் ஓர் அபிப்பிராயம் நம் சட்ட வரலாற்று ஆராய்ச்சியில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அவ்வபிப்பிராயத்திற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதும், என் கருத்தில் அதற்கு நேர்விரோதமாக நிற்பதும் ஒரே இடந்தான்: யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் விவகாராத்தியாயம் முடிவை நெருங்கும் தறுவாயில், 298 முதல் 300 வரையுள்ள மூன்று சுலோகங்கள்.

அவற்றின் பொருளைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். ‘விலகிப் போ’ என்று உரக்கக் கூறுகிறவனுக்கு, நாற்கால் பிராணி செய்த தீங்கினால் குற்றம் இல்லை என்பது முதற்சுலோகம். எறிந்த கட்டை, மண்கட்டி, அம்பு, கல் முதலியவற்றால் விளையும் தீங்கும் அவ்வாறே என அது தொடர்கிறது. மூக்கணாங்கயிறு அறுந்த வண்டியாலும், நுகத்தடி முறிந்த வண்டியாலும், பின்னோக்கிச் சரியும் வண்டியாலும் நேரும் ஹிம்சைக்கு உடையவன் பொறுப்பல்லன் என்பது இரண்டாவது. கோரைப்பல் உடையனவும் கொம்பு உடையனவுமான பிராணிகளிடமிருந்து, தன்னால் இயன்றும், அகப்பட்டவனை விடுவிக்காத உடையவன் முதற் சாகச தண்டம், அதாவது மூவகைச் சாகச தண்டங்களுள் மிகக் குறைந்தது, செலுத்த வேண்டும். அகப்பட்டவன் கூக்குரலிட்டும் விடுவிக்கவில்லையெனில் அது இரட்டிக்கும் என்பது மூன்றாவது.

முன்னைய வாசிப்பு இம்மூன்றையும் மனுஸ்மிருதி எட்டாம் அத்தியாயத்தில் 290 முதல் 298 வரை விரியும் வண்டிச் சட்டத்தின் சுருக்கமாகக் கொள்கிறது. வண்டி ஒருவன் மேல் ஏறிவிட்டால் யாருக்கு, எப்போது தண்டனை என்பதே அங்குப் பொருள் என்றும், யாக்ஞவல்கியர் அதைத் தமக்கு இயல்பான சொற்சிக்கனத்தோடு மூன்று சுலோகங்களில் அடக்கினார் என்றும், ஆகவே மூன்றாம் சுலோகத்துப் பிராணிகள் வண்டியில் பூட்டிய எருதும் பாகன் செலுத்தும் யானையுமே என்றும் அவ்வாசிப்பு முடிக்கிறது. இதற்கு வலிமை இல்லாமலில்லை. இரண்டாம் சுலோகம் ஐயமின்றி மனுவின் வழியில் வந்ததுதான். எச்சரித்துக் கூவியவனுக்குத் தண்டனை இல்லை என்பதும் மனுவிடம் உள்ளது. உரைமரபிலும் யானையும் எருதுமே முதல் உதாரணங்களாக நிற்கின்றன. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும், மூன்றாம் சுலோகம் வண்டிச் சட்டத்தின் வால் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

முதலாவதாக, மனுவின் அப்பகுதியில் மூன்றாம் சுலோகத்திற்கு இணையான விதி யாதும் இல்லை. சாரதியின் திறமையின்மையால் வண்டி வழி தவறினால் உடையவன் 200 பணம் கட்ட வேண்டும், சாரதி தேர்ந்தவனாயின் சாரதியே தண்டனைக்குரியவன் என்னும் விதிகள் உண்டு. இறந்துபட்ட பிராணியின் மதிப்பிற்கேற்ற தண்டங்களும் உண்டு. பிராணியின் பிடியில் அகப்பட்டவனை விடுவிப்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூலத்தில் இல்லாததைச் சுருக்கம் என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

இரண்டாவதாக, இவ்விதி மனுவிடம் இல்லையெனினும் கௌடிலியரிடம் இருக்கிறது. அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணம், பதின்மூன்றாம் அத்தியாயத்தில், கொம்புடைய அல்லது கோரைப்பல்லுடைய பிராணியால் துன்புறுகிறவனை விடுவிக்காத உடையவனுக்கு முதற் சாகச தண்டமும், கூவி அழைத்தும் விடுவிக்காதவனுக்கு இரட்டிப்பும் விதிக்கப்படுகின்றன. யாக்ஞவல்கியரின் சுலோகத்தோடு இது ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் ஒத்திருப்பதை அறிஞர் அறிவர். ஆயினும் அங்கு இவ்விதி எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்பதற்கு உரிய கவனம் செலுத்தப்படவில்லை என்றே எண்ணுகிறேன். யானையால் நேரும் மரணங்கள் இதற்கு முன்பே தனியாகப் பேசி முடிக்கப்பட்டுவிடுகின்றன. சம்பந்தமில்லாத ஒருவனை யானை கொன்றால் பாகனுக்கு உத்தம தண்டம் என்பது வரையில் அங்கே வகுத்தாகிவிட்டது. அதன் பின்னரே கொம்பும் பல்லும் உடைய பிராணிகளின் விதி வருகிறது. அதைத் தொடர்ந்து தெய்வத்திற்கு விடப்பட்ட பசுக்களை வண்டியில் பூட்டி ஓட்டுவது போன்ற குற்றங்கள் வருகின்றன. அறுந்த மூக்கணாங்கயிறும் முறிந்த நுகத்தடியும் அவற்றிற்கும் அப்பால்தான் தலைகாட்டுகின்றன. யானைக்கும் வண்டிக்கும் தனித்தனி இடம் கொடுத்த ஒரு நூலில், அவ்விரண்டிற்கும் இடையே தனித்து நிற்கும் ஒரு விதியை யானைக்கும் வண்டி எருதுக்கும் மட்டுமே உரியதென்பது அந்நூலின் அமைப்பையே புறக்கணிப்பதாகும். யாக்ஞவல்கியர் அதை வண்டியின் அருகே கொண்டுவந்து வைத்தார் என்பது உண்மை. அருகே வைத்ததனால் அதன் பொருளும் சுருங்கிவிட்டது என்பதற்குப் பிரமாணம் வேண்டும், அதை இதுவரை எவரும் காட்டவில்லை.

இவ்விதி நிற்கும் அதிகரணத்தையும் நோக்க வேண்டும். இருவர்க்கிடையே எழும் வழக்குகளைத் தர்மஸ்தீயம் என்னும் மூன்றாம் அதிகரணம் ஆராய்கிறது. இவ்விதியோ, ஜனங்களுக்குக் கண்டகமானவற்றைக் களையும் நான்காம் அதிகரணத்தில் இடம்பெறுகிறது. கடிபட்டவனுக்கும் நாயை உடையவனுக்கும் இடைப்பட்ட சொந்தத் தகராறாக மட்டும் இது கருதப்பட்டிருந்தால் இடம் வேறாக இருந்திருக்கும்.

இனி, இக்கட்டுரையின் முக்கியமான வாதத்திற்கு வருகிறேன். மூன்றாம் சுலோகம் அடக்குதல் பற்றியதன்று, ஆபத்தில் சிக்கியவனைக் காத்தல் பற்றியது மட்டுமே; தீங்கு தொடங்கிய பிறகு பிறக்கும் மனிதாபிமானக் கடமையை வீதியில் பிராணியைக் கட்டுப்படுத்தும் கடமையாக நீட்டலாகாது என்பது எதிர்த்தரப்பின் மிக வலிய ஆட்சேபம். இதற்கு விடை அதே அத்தியாயத்தில், சற்று முன்னே, 234ஆம் சுலோகத்தில் கிடக்கிறது. அங்கே தொடங்கி 237 வரை செல்லும் ஒரு பட்டியல், நூறு பணம் தண்டத்திற்குரியவர்களைத் தொகுத்துரைக்கிறது. அவர்களுள் ஒருவன், அபயக்குரல் கேட்டும் ஓடி வராதவன். ஆபத்தில் இருப்பவனைக் காக்கும் பொதுக்கடமை என்பது இதுவே. இது எல்லோருக்கும் உரியது. கூக்குரல் எழுந்தபோது இது பிறக்கிறது. தவறியவனுக்கு 100 பணம். பிராணியை உடையவனின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். யாக்ஞவல்கியரின் கணக்கில் உத்தம சாகசம் 1,080 பணம், மத்திமம் 540, முதற் சாகசம் 270. கூக்குரல் எழாதபோதே உடையவன் 270 பணத்திற்குக் கடன்பட்டவன். எழுந்துவிட்டால் 540, அதாவது மத்திம சாகசத்தின் அளவு முழுவதும், அவன் தலைமேல் விழுகிறது.

வழிப்போக்கனின் கடமை கூக்குரலில் தொடங்குகிறது. உடையவனின் கடமை அதற்கு முன்பே இருக்கிறது, கூக்குரல் அதைக் கனப்படுத்த மட்டுமே செய்கிறது. இரண்டும் ஒரே தர்மத்தின் இரு அளவுகள் என்றால், குரல் கேளாத நிலையில் உடையவனுக்கும் தண்டம் இல்லை என்றே நூல் சொல்லியிருக்கும். அவ்வாறு சொல்லாமல், பொதுவிதியைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட தண்டத்தை மௌனமான ஆபத்திற்கே விதித்ததற்கு, பிராணி அவனுடையது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. தன்னுடைய பிராணி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டிருப்பது அவனுக்கு முன்கூட்டியே விதிக்கப்பட்டிருந்தாலன்றி, குரலெழாத ஆபத்தை அவன் அறியவில்லை என்பதே போதிய சமாதானமாகிவிடும். 234ஆம் சுலோகத்தையும் 300ஆம் சுலோகத்தையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது இந்தக் காவற்கடமையே. இவ்விரு சுலோகங்களும் இணைத்து வாசிக்கப்படாமற்போனது, அவை வெவ்வேறு தலைப்புகளின் கீழ் அச்சிடப்பட்டு வந்ததனாலேயே இருக்கலாம். உறுதியாகச் சொல்ல இயலாது.

மூன்றாம் சுலோகத்திலுள்ள ‘இயன்றும்’ என்னும் நிபந்தனையைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் நுணுக்கமானது. தன் வலிமைக்கு மீறிய பிராணியை வளர்க்கிறவன், என்னால் அதைப் பிடிக்க முடியவில்லை என்று கூறித் தப்பிவிடுவானல்லவா? பலவீனனுக்கு விலக்களித்த ஒரு விதியைக் கட்டுப்பாட்டு விதி என்று அழைக்கலாமா? அர்த்தசாஸ்திரத்தின் வாக்கியத்தில் இந்நிபந்தனையே கிடையாது என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். யாக்ஞவல்கியர்தாம் அதைச் சேர்க்கிறார். சேர்த்ததன் நோக்கம் தண்டத்தைத் தளர்த்துவதே என்று வைத்துக்கொண்டாலும், அத்தளர்ச்சி அக்கணத்தின் இயலாமைக்கே உரியது, இயலாதென்று தெரிந்தே பிராணியை வீதிக்குக் கொண்டுவந்த செயலுக்கு உரியதன்று. இம்மரபு அவ்விரண்டையும் வேறுபடுத்தியே பார்த்தது. தேர்ச்சியற்றவன் கையில் வண்டியைக் கொடுத்தவனை மனு தண்டிக்கிறார். சாரதி சிறுவனாயின் வண்டியில் அமர்ந்திருக்கும் உடையவனையே தண்டிக்க வேண்டும் என்று கௌடிலியர் விதிக்கிறார். தகுதியில்லாத கையில் ஒப்படைத்ததே குற்றமாகும்போது, தகுதியில்லாத கை தன்னுடையதாயினும் அது குற்றமே. இங்கு நான் வண்டிச் சட்டத்திலிருந்து துணை தேடுவதால் முன்பு பிரித்ததை மீண்டும் கலக்கிறேன் என்று சொல்லக்கூடும். விதியின் விஷயம் வேறு, விதியின் நியாயம் வேறு. நியாயத்தை அண்டை விதியிலிருந்து பெறுவது மீமாம்ச முறைக்கு அந்நியமன்று.

கோரைப்பல்லுடைய பிராணிகளுள் நாய் அடங்குமா என்ற கேள்விக்கு அதிக இடம் தேவையில்லை. நாய் அக்காலத்துச் சட்டத்தின் பார்வைக்கு அப்பாற்பட்ட, உடையவனற்ற பிராணி என்பார்க்கு, வண்டியேறி நாயோ பன்றியோ இறந்தால் ஒரு மாஷம் தண்டம் என்று மனுஸ்மிருதியின் அதே பகுதியின் இறுதிச் சுலோகம் கூறுவது போதும். நாய்க்கூட்டங்களோடு காட்டைச் சுற்றிவரும் வேடர்களை அர்த்தசாஸ்திரம் அறியும். சங்கப் பாடல்களின் வேட்டுவரும் நாயின்றி வருவது அருமை. பழைய நூலில் இன்றைய கவலையை ஏற்றுகிறோம் என்னும் பொதுவான குற்றச்சாட்டை, எந்தச் சொல்லில் ஏற்றினோம் என்று காட்டாதவரை, பொருட்படுத்த வேண்டியதில்லை.

இவ்வாசிப்பு சரியாயின், 1862 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவை நாம் பார்க்கும் பார்வையும் மாற வேண்டியதாகிறது. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில், நாயின் தீய சுபாவத்தை உடையவன் முன்னரே அறிந்திருந்தான் என்று கடிபட்டவன் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆட்டையும் மாட்டையும் நாய் கடித்தால் அந்நிரூபணம் வேண்டாம் என்று 1865இல் அங்குச் சட்டம் செய்யப்பட்ட பின்னரும், மனிதன் கடிபட்ட வழக்கில் அது தொடர்ந்து கேட்கப்பட்டது. இந்த ஆங்கிலக் கோட்பாட்டை 289ஆம் பிரிவிற்குள் இழுத்துவந்து, முன்பு எவரையும் கடித்திராத நாயின் உடையவனுக்குக் குற்றமில்லை என வாதிக்கும் வழக்கம் நம்மிடையே இருந்துவருகிறது. பிரிவின் வாசகமோ அதற்கு இடந்தரவில்லை. தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய பேரபாயத்தைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை, அறிந்தோ அசட்டையாலோ, செய்யாமல் விடுவதையே அது குற்றமாக்குகிறது. அறிவு அங்கே ஒரு மாற்று மட்டுமே; அளவுகோல் ஏற்பாட்டின் போதுமை. யாக்ஞவல்கியரைப் பார்த்து அப்பிரிவு எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்றும் இல்லை. இரண்டும் நாயின் குணத்தை விட்டு உடையவனின் செயலை அளக்கின்றன என்பதே நான் காட்ட விரும்பியது.

இது ஏட்டளவில் நிற்கும் பேதமன்று. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாயினங்களைத் தடைசெய்யும்படி மாநிலங்களுக்கு எழுதியபோதும், உரியவர்களைக் கலந்தாலோசிக்காமல் பிறப்பிக்கப்பட்டது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தபோதும், நாடெங்கும் நடந்த விவாதம் எந்த இனம் கொடியது என்பதைச் சுற்றியே சுழன்றது. மே மாதத் தொடக்கத்தில் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பின்னர் இவ்விவாதம் மேலும் உரத்தது. அக்குழந்தை பட்ட துன்பத்தை நினைக்கும் எவருக்கும் இனப்பட்டியலில் மனம் செல்வது இயல்பே. ஆயினும் பட்டியலில் இல்லாத நாயைச் சங்கிலியின்றி அவிழ்த்துவிடுகிறவனுக்கு அப்பட்டியல் ஒரு நற்சாட்சிப் பத்திரமாகிவிடுகிறது என்பதை யாரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை. ‘விலகிப் போ’ என்று கூவுவதால் கிடைத்த விலக்கை மூன்றாம் சுலோகத்தால் வரையறுத்த நூலாசிரியர், ‘நாய் ஜாக்கிரதை’ என்ற பலகையையோ, ‘ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்’ என்று தூரத்திலிருந்து சொல்லும் சமாதானத்தையோ போதுமென்று ஏற்றிருக்கமாட்டார்.

2024 ஜூலை 1 முதல் 289ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவாகியிருக்கிறது. ஆறு மாதச் சிறைத்தண்டனை அப்படியே இருக்க, அபராதத்தின் உச்சவரம்பு 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. குற்றத்தின் வரையறை மாறவில்லை. ஆதலால் பழைய வியாக்கியானம் புதிய எண்ணின் கீழும் தொடரும் அபாயம் இருக்கிறது. இப்பிரிவை இனிப் பொருள்கொள்ளப்போகும் நீதிபதிகளும் அதைக் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களும், இந்த நாய் முன்பு கடித்ததுண்டா என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி, இதை வீதிக்கு அழைத்து வந்தவனால் இதைப் பிடித்து நிறுத்த இயலுமா, இயலுமாயின் ஏன் நிறுத்தவில்லை, இயலாதாயின் ஏன் அழைத்து வந்தான் என்று கேட்க வேண்டும். வளர்ப்பு நாய்க்கு உரிமம் வழங்கும் நகராட்சிகளும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கேட்பதுபோல், அந்த நாயை வெளியே கொண்டுசெல்லப்போகிறவர் யார் என்பதையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.