திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு அடிக்கடி பஸ்ஸில் போகிறவன் நான். திண்டிவனம் வந்தால் பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவேன். வேலூர் சி.எம்.சி.க்கு விதை விழுந்தது இந்த ஊரில்தான் என்பது ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

1890களின் தொடக்கம். திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடர் வீடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள் மகள் ஐடா. சீக்கிரம் திரும்பிப் போய்விட வேண்டும், மிஷன் வேலையே வேண்டாம் என்று இருந்த பெண். ஒரு ராத்திரி ஒருத்தர் பின் ஒருத்தராக மூணு பேர் கதவைத் தட்டுகிறார்கள். ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தர் மேல்சாதி இந்து. மூணு வீட்டிலும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். அப்பாவைக் கூட்டிப்போங்க என்றாள் ஐடா. ஆம்பிளை டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

ஐடா டாக்டர் ஆனதற்குக் காரணமாக எல்லாரும் சொல்லும் சம்பவம் இது. எனக்கு உறுத்தியது வேறு. வீட்டுக்குள்ளேயே டாக்டர் இருந்தார். ஆனால் அவர் படிப்பு அந்த மூணு வாசலைத் தாண்டவில்லை.

சரி, அந்தப் படிப்பு எப்படிப்பட்டது? இங்கதான் மேட்டர் சுவாரசியமாகுது. ஐடாவின் தாத்தா, அவர் பெயரும் ஜான் ஸ்கடர்தான், நியூயார்க்கில் 1813ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1819ல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, 1836ல் சென்னைக்கு மாறினார். அந்தக் காலத்து அமெரிக்காவில் டாக்டர் ஆவது ஏறக்குறைய தச்சுவேலை கத்துக்கிற மாதிரி. ஒரு டாக்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து மருந்து இடித்துக்கொண்டே கத்துக்கணும். நடுவில் கல்லூரியில் நாலைந்து மாத லெக்சர். அடுத்த வருஷம்? அதே லெக்சர்தான், முதலிலிருந்து! அரியர் இல்லாமலேயே ஒரு செமஸ்டரை ரெண்டு தடவை படிக்கிற கதை :-) மாணவர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்க, அது நேராகப் பேராசிரியர் பைக்குள் போகும். யாரைத்தான் ஃபெயில் போட மனசு வரும்?

ஹார்வர்டே 1871 வரை இப்படித்தான். ஒன்பது பாடத்தில் வாய்மொழித் தேர்வு. பாதிக்கு மேல் தேறினால் டாக்டர். மீதி நாலு பாடம் தெரியாதவரும் கத்தியைத் தூக்கலாம். எலியட் என்ற தலைவர் வந்து எல்லாப் பாடத்திலும் தேறணும், எழுத்துத் தேர்வும் வேணும் என்றபோது, நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு எழுதவே வராதே என்று எதிர்த்தாராம் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிகலோ. நான் சொல்லல, சரித்திரம் சொல்லுது.

ஐடா 1895ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது நிலைமை மாறியிருந்தது. மயக்க மருந்து, கிருமி நீக்கம், சோதனைக்கூடம் எல்லாம் வந்தாச்சு. இந்தியாவிலிருந்து போன ஆனந்திபாய் ஜோஷி 1886ல் பட்டம் வாங்கிய கல்லூரியும் இதுதான். ஊர் திரும்பிய சில மாதங்களில், 21 வயதில் காசநோயில் இறந்துபோனார் பாவம். ஐடா கடைசி வருஷத்துக்கு நியூயார்க்கில் கார்னெல் கல்லூரிக்கு மாறி 1899ல் பட்டம் வாங்கினார். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி? பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1945ல்!

இப்போ நம்ம ஊர்க் கதை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் ஒருவரான மேரி ஷார்லீப், ஆண் டாக்டரிடம் வராத பெண்களுக்காகவே 1885ல் சென்னையில் மருத்துவமனை ஆரம்பித்தார். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி என்றால் உங்க பாட்டிக்குத் தெரியும். அதாவது நோயும் தெரியும், மருந்தும் தெரியும். அங்கிருந்து திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர். ரயிலும் வந்தாச்சு. ஆனாலும் அந்த ராத்திரி கூப்பிடுவதற்கு ஊரில் ஒரு பெண் டாக்டர் இல்லை.

அதனால்தான் ஐடாவின் பட்டத்தைவிட அப்புறம் அவர் செய்தது எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. 1900ல் வேலூர் வந்தார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்றிருந்தார். அவரோ அதே வருஷம் காலமாகிவிட்டார். வீட்டில் ஒரு சின்ன அறையில் தனியாக வைத்தியம். 1902ல் ஆஸ்பத்திரி, 1909ல் நர்சுகளுக்குப் பள்ளி, 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. எம்.பி.பி.எஸ். இல்லை, எல்.எம்.பி. படிப்புதான். தேறுவார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். முதல் வருஷத் தேர்வில் அந்தப் பெண்கள் எல்லாருமே தேறினார்கள்.